செமனும் சூடையும்

 

போன கிழமை தரம் 8 பிள்ளைகளிடம், வீட்டில் விருந்தாளி வந்தால் என்ன கறி என்று கேட்டேன். ஒருத்தன் "செமன்" என்றான். பின்வாங்கில் சிரிப்பு. "ரின் மீனோடா?" "இல்லை சேர், மாமா நோர்வேயில இருந்து கொண்டுவந்த உண்மையான செமன்." பக்கத்தில் இருந்த பிள்ளை தன் சாப்பாட்டுப் பெட்டியை மெல்ல மூடியது. உள்ளே சூடைப் பொரியல். அந்த மூடிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

முதலில் பேர். நாங்கள் செமன் என்று வாங்குகிற 425 கிராம் ரின்னில் செமன் இல்லை. லேபலை வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் மக்கரல் என்றுதான் இருக்கும். உண்மையான செமன் குளிர்கடல் மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி நோர்வே போன்ற நாடுகளில் கடலில் வலைக்கூடு போட்டு வளர்ப்பது.

நோர்வே எங்களுக்குப் புதிசும் இல்லை. 1967இல் தொடங்கிய சீநோர் திட்டம் பக்கத்துக் காரைநகரில்தான் படகு கட்டியது. 80களில் போன எங்கட ஆக்கள் பலர் நோர்வேயின் வடக்கில், பின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க மீன் வெட்டினார்கள். இங்கே எழும்பின சில வீடுகளின் கல்லில் அந்த மீன் வாசம் இருக்கிறது. அங்கே இருக்கிற எங்கட சொந்தங்களுக்கும் செமன் வசதி. ஹலால் இறைச்சி தேடி அலையத் தேவையில்லை, மீனுக்கு அறுப்பு இல்லையே.

ஆனால் கொண்டுவந்த செமனை நாங்கள் படுத்துகிற பாடு! பாரை மாதிரி நினைத்து, கட்டிப்பாலும் விட்டு, அரை மணித்தியாலம் கொதிக்க விடுகிறோம். மீன் கரைந்து, மேலே எண்ணெய் மிதக்கும். அது கொழுப்பு மீன், பால் தேவையில்லை. வெங்காயம், வெந்தயம், உள்ளி வதக்கி, எங்கட கறித்தூளும் பழப்புளியும் விட்டுக் குழம்பைத் தடிக்க வையுங்கள். கடைசியில் துண்டுகளைப் போட்டு ஏழெட்டு நிமிடம் போதும். அகப்பை வேண்டாம், சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. பொரிப்பதென்றால் தோல் கீழே இருக்க வைத்து, முக்கால்வாசி அப்படியே வேகவிட்டு, பிறகு ஒருக்கால் பிரட்டினால் சரி. தலை கிடைத்தால் மிளகு போட்டுச் சொதி. என்னைக் கேட்டால் அந்தத் தலைதான் மீனிலேயே நல்ல பகுதி.

ரின் மீனையும் நான் பழிக்கவில்லை. சஹருக்கு எழும்பிய அரைத் தூக்கத்தில் அதைப்போல் உதவி வேறில்லை. ஆனால் அது ரின்னுக்குள்ளேயே வெந்த மீன், திரும்ப அவிக்காதீர்கள். நீரை வடித்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தால் பாணுக்குச் சம்பல் ஆயிற்று. உருளைக்கிழங்கோடு சேர்த்தால் கட்லட்.

என் கோபம் வேறு இடத்தில். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு, விடியப் பிடிபட்ட சூடையை விட்டுவிட்டு, எந்த நாட்டிலோ அடைத்த ரின்னைக் கௌரவமாக மேசையில் வைக்கிறோம். நண்டும் இறாலும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. மிச்சக் கடலை இந்திய இழுவைப் படகு அரிக்கிறது. அத்தனைக்கும் தப்பி எங்கட சட்டிக்கு வருகிற சூடைக்கு "ஏழை மீன்" என்று பேர். செமனுக்காக வைத்தியர் சொல்லுகிற அதே ஒமேகா-3 கொழுப்பு சூடையிலும் உண்டு. முள்ளோடு தின்றால் கல்சியமும் கூட.

"முள்ளு, பிள்ளை தின்னாது" என்று தாய்மார் சொல்லுவீர்கள். அது நியாயமான கதை. ரின்காரன் செய்கிறதை நீங்களும் செய்யலாம். சூடையைத் தலை, குடல் நீக்கிக் கழுவி, கொறுக்காய்ப்புளி, உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய், மீன் மூடத் தண்ணீர் விட்டு, பிறசர் குக்கரில் மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் வையுங்கள். முள்ளு விரலால் நசுக்க மாவாகும். தண்ணீர் வற்ற விடாதீர்கள், அடிப்பிடித்தால் குக்கர் கழுவுகிற வேலை எனக்குத் தெரியும். ரின் மாதிரி மாதக்கணக்கில் இருக்காது. பிரிஜ்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.