ஈஸினோபில் கூடினா அலர்ஜி மட்டும்தானா?

ரத்த ரிப்போர்ட்ல ஈஸினோபில் கூடியிருந்தா நம்மூர்ல தீர்ப்பு ரெடி: தூசி அலர்ஜி, இல்லைன்னா வயித்துல பூச்சி. பெரும்பாலும் சரியாவே இருக்கும். ஆனா ஆஞ்சியோகிராம் பண்ணி சில வாரமே ஆன அறுபது வயசுக்காரருக்கும் அதே தீர்ப்பை எழுதுறதை என்னால ஏத்துக்க முடியலை.

மேட்டர் இதுதான். மகாதமனி உள்சுவர்ல படிஞ்ச கொழுப்புத் திட்டு, கத்தீட்டர் உரசி உடையலாம். சிதறுற கொலஸ்ட்ரால் படிகங்கள் கிட்னி, தோல், கால்விரல்னு சின்ன நாளங்கள்ல போய் சிக்கிக்கும். அங்கே அழற்சி கிளம்பும். அந்தக் கலவரத்துல பலருக்கு ஈஸினோபிலும் எகிறும்.

ஆஞ்சியோவுக்குப் போடுற சாய மருந்தால கிட்னி கெட்டா, கிரியாட்டினின் ஓரிரு நாள்ல ஏறி, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல இறங்கிடும். இது அப்படி இல்லைங்க. பல பேருக்கு வாரக்கணக்குல படிப்படியா ஏறும். அதுக்குள்ள ஆஞ்சியோ ஃபைல் பீரோவுக்குள்ள போயிருக்கும். பாதத்துல நாடி துடிக்கும், ஆனா விரல் நீலமா இருக்கும். ரெண்டையும் முடிச்சு போடத்தான் ஆள் இருக்காது.

அபூர்வம்தானேன்னு கேக்கலாம். 2003ல ஜப்பான் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வுல, இதயத்துக்குக் கத்தீட்டர் விட்ட 1,786 பேர்ல 25 பேருக்கு இந்த நோய் (உறுதியானது, சந்தேகம் ரெண்டும் சேர்த்து). வெறும் 1.4 சதவீதம். ஆனா அந்த 25ல 4 பேர் ஆஸ்பத்திரியிலயே இறந்துட்டாங்க.

இன்னொரு கொடுமை, பல ரிப்போர்ட்ல சதவீதம் மட்டும்தான் இருக்கும். மொத்த வெள்ளையணு 5,000 இருந்து ஈஸினோபில் 8% இருந்தா 400தான், நார்மல். 12,000 இருந்தா அதே 8%, 960! 500க்கு மேல போனாலே அதிகம். ஒரு பெருக்கல் கணக்கை பிரிண்ட் பண்ண லேபுக்கு என்ன கஷ்டம்?

எங்க தொழில்ல, சர்வர் படுத்தா முதல் கேள்வி "கடைசியா எப்போ, எதை மாத்தினீங்க?" இங்கேயும் அதேதான். ரிப்போர்ட்டோட ஆஞ்சியோ பண்ணின தேதியையும் எழுதிக் கொண்டுபோங்க. தனி மருந்து இல்லாட்டியும், காரணம் தெரிஞ்சா அடுத்த கத்தீட்டரை யோசிச்சு விடலாம், கிட்னி டாக்டர்கிட்ட சீக்கிரம் போகலாம்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. ஈஸினோபில் கூடினதாலயே இந்த நோய்னு ஆகாது. கூடலைன்னா இல்லைன்னும் ஆகாது. இதைப் படிச்சிட்டு யாரும் ஆஞ்சியோவைத் தள்ளிப்போடாதீங்க சாமி! கேள்வியை மட்டும் கேளுங்க.