நைரோபியில் மட்டாட்டு ஏறும் முன்

கென்யத் தலைநகருக்குப் புறப்படுகிறவருக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: 'மட்டாட்டுவில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.' மட்டாட்டு என்பது தனியார் ஓட்டும் வேன், மினி பஸ். நைரோபியில் சொந்த வண்டி இல்லாதவர் பலர் வேலைக்கும் சந்தைக்கும் போய்வருவது இதில்தான். ஊரே ஏறுகிற வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்வதைவிட, அது எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொடுப்பது பயணிக்கு உதவும்.

முதலில் குழப்புவது எது? கால அட்டவணை கிடையாது. ஆள் நிரம்பும்வரை வண்டி நகராது. காலையில் கொடுத்த கட்டணம் மாலை மழையில் கூடிவிடும். நெரிசலைக் கண்டால் ஓட்டுநர் சந்துக்குள் திருப்பிவிடுவார். இவை தனித்தனிக் கோளாறுகளாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வண்டியின் உரிமையாளர் அன்றாடம் ஒரு குறிப்பிட்ட தொகையை எதிர்பார்க்கிறார். அதையும் எரிபொருள் செலவையும் கழித்து மிஞ்சுவதுதான் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கூலி. காலி இருக்கையோடு கிளம்பினால் இழப்பு அவர்களுடையது. ஒரு நடை கூடுதலாக அடித்தால் வரவும் அவர்களுடையது. சென்னையில் ஷேர் ஆட்டோவுக்குள் ஆள் சேரக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இந்த ஏற்பாடு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1899இல் ரயில் பாதை போடுவதற்கான முகாமாகத் தொடங்கிய ஊர் நைரோபி. 1934 முதல் பேருந்து ஓட்டும் உரிமை கென்யா பஸ் சர்வீசஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. விடுதலைக்குப் பின் மக்கள் தலைநகரில் குவிந்தபோது அந்தப் பேருந்துகள் போதவில்லை. புதிய குடியிருப்புகள் பலவற்றுக்கு அவை போகவும் இல்லை. அந்த இடைவெளியில் உரிமமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா சட்டத்துக்கு உட்பட்டவையாக அறிவித்தார். அரசு செய்யாததைத் தனியார் செய்தார்கள். கட்டுப்பாடு பின்னால்தான் வந்தது. 2004இல் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சுகி இருக்கை வார், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஆகியவற்றைக் கட்டாயமாக்கினார். பிறகு ஒவ்வொரு வண்டியும் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ நிறுவனத்திலோ சேர்ந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே, கேட்பாரற்றவை என்று இன்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் விதிகள் மாறிய அளவுக்கு அன்றாடத் தொகை என்ற அடிப்படை மாறவில்லை.

இது புரிந்தால் செய்ய வேண்டியது தானே விளங்கும். வண்டிகளுக்குத் தட எண் உண்டு: ஙோங் பக்கம் போக 111, விமான நிலையம் போக 34. பெரும்பாலான தடங்கள் நகர மையத்திலிருந்து கிளம்பி வெளியே விரிபவை. அதனால் ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போக மையத்துக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். அங்கும் எல்லாத் தடங்களுக்கும் பொதுவான ஒரே நிலையம் இல்லை. ரயில் நிலையத்தருகே சில, கோஜா சந்திப்பில் சில, ஓடியன் திரையரங்கப் பக்கம் சில எனப் பிரிந்து நிற்கும். நகர மையம் நடந்தே கடக்கக்கூடியது என்பதால் பகலில் இது பெரிய சிரமமில்லை. எந்தத் தடம் எங்கே நிற்கும் என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் போதும்.

கட்டணத்தை ஏறுமுன் கேளுங்கள். உட்கார்ந்தபின் கேட்பது வழக்கை வளர்க்கும். பக்கத்தில் நிற்கும் பயணியிடம் கேட்டால் அன்றைய விலை தெரிந்துவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் விடும் நேரத்தையும் மழையையும் தவிர்த்தால் விலையும் நெரிசலும் குறையும். இறங்குமிடத்தை நடத்துநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறிவுரை சொல்பவர்களின் அச்சம் முழுக்க வீண் என்று நான் வாதிடவில்லை. வேகம் உண்மையான ஆபத்து; நடைக்கு இத்தனை என்ற கணக்கே அதைத் தூண்டுகிறது. நெரிசலில் கைபேசி பறிபோவதும் உண்டு. சன்னலோரம் அமர்ந்து அதை வெளியே நீட்டிப் பிடிப்பது நல்லதல்ல. இருட்டியபின் பெட்டியோடு மட்டாட்டு நிறுத்தம் தேடி அலைவதைவிட, செயலி வழி டாக்சி அழைப்பதே சரி. மட்டாட்டுவை மட்டும் நம்பித் திட்டமிட முடியாத பயணங்களும் உண்டு. மோம்பாசா போகும் மடராக்கா எக்ஸ்பிரஸ் ரயில் நகர மையத்திலிருந்து அல்ல, வெளியே சியோக்கிமாவு பக்கமுள்ள முனையத்திலிருந்து கிளம்புகிறது. அங்கே போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நகரை ஒட்டியே இருக்கும் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வண்டி அமர்த்திக்கொள்ள வேண்டும். சிங்கங்கள் உலவும் அங்கே கால்நடையாகச் சுற்ற அனுமதி இல்லை.

ஊருக்குள் சுற்றுவது ஒருபுறமிருக்க, இந்தியாவிலிருந்து செல்பவர்கள் மறக்கக்கூடாத காகிதம் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலேயே அதைக் கேட்பார்கள். இல்லாதவரைத் தனிமைப்படுத்தவும் விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

மீண்டும் மட்டாட்டுவுக்கே வருவோம்: எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு மட்டாட்டு பயனுள்ள வாகனம். அதன் குறைகளை நைரோபிக்காரர்களின் குணத்தோடு முடிச்சுப்போடுவது நியாயமல்ல. ஓட்டுநரின் அன்றைய கூலி தலை எண்ணிக்கையை நம்பியிருக்கும்வரை, எந்த ஊரிலும் வண்டி இப்படித்தான் ஓடும். அபராதத்தைக் கூட்டுவதைவிட அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதே வேகத்தைக் குறைக்கும்.