கந்தைக்கு ஒரு மறுவாழ்வு

தமிழில் கந்தை என்ற சொல்லுக்குப் பெருமை குறைவு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பழமொழி அறிவுரை கூறுகிறதேயன்றி, கந்தையைப் போற்றிக் காக்கும்படி கூறவில்லை. வடமொழியில் கந்தா எனப்படும் அச்சொல்லே, நாம் குடியேறி வாழும் இவ்வங்காளத்தில் காந்தா என வழங்குகிறது. ஆனால் இங்கே அது இகழ்ச்சிச் சொல்லன்று. பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இல்லத்து மாதர் தம் கையால் தைக்கும் போர்வைக்கு அது பெயர். நாம் எறிவதை இவர்கள் பேணுகின்றனர். இத்திங்கள் அதனைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

முன்னாளில் காந்தா தைப்பதற்கு ஊசியொன்றைத் தவிர வேறெதனையும் விலைகொடுத்து வாங்கியதில்லை. துணி, உடுத்து நைந்த துணி. நூலோ, பழம்புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவியெடுத்த சிவப்பும் நீலமும் கறுப்புமான நூல். குளிருக்குப் போர்த்தும் தடித்த போர்வைக்கு லேப் என்றும், விருந்தினருக்கு விரிக்கும் விரிப்புக்கு சுஜனி என்றும், நூல்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் பொதிந்து வைக்கும் துணிக்கு பாய்தன் என்றும், கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் சிறு துணிக்கு ஆர்ஷிலதா என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பூவேலை மிகுந்த காந்தாவின் நடுவில் பெரும்பாலும் ஒரு தாமரை. நான்கு மூலைகளிலும் நடுவை நோக்கிச் சாய்ந்த மரங்கள். இடையிடையே யானை, மீன், படகு, பல்லக்கு எனத் தைப்பவள் கண்ட உலகம் அனைத்தும் இடம்பெறும்.

கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், குருசதய தத்தர் (1882–1941) திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. ஆட்சிப் பணியில் ஊர் ஊராகச் சென்றவர், சென்ற இடங்களிலெல்லாம் எளிய மக்களின் கைவேலைகளைத் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பில் புகழ்பெற்றது, 19-ஆம் நூற்றாண்டில் குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதசுந்தரி தாசி என்னும் பெண் தம் தந்தைக்கென்று தைத்த காந்தா. அதில் தம் பெயரையும், தம் கையாலேயே தைத்ததையும் அவர் நூலெழுத்தால் பொறித்துள்ளார். அக்காலத்தில் எத்தனையோ இல்லங்களில் எத்தனையோ பெண்கள் பிறந்து உழைத்து மறைந்தனர். இவர் பெயர் நமக்குக் கிட்டியது கல்வெட்டினால் அன்று, கந்தையினால்.

ஜசீமுத்தீன் என்னும் வங்கக் கவிஞர் 1929-இல் வெளியிட்ட நக்ஷி காந்தார் மாட் என்ற கதைப்பாடலின் நாயகி, கணவனைப் பிரிந்த துயரை ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கும்படி வேண்டுகிறாள். எழுதப்படிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்குக் காந்தாவே நாட்குறிப்பாகவும் கடிதமாகவும் இருந்தது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

இவையெல்லாம் நம் இல்லத்தில் ஒரு சிக்கல் எழுந்தபோதுதான் நமக்குத் தெரியவந்தன. நம் அன்னையார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவருடைய டிரங்குப் பெட்டி திறக்கப்படாமலே இருந்தது. புகைவண்டிக் குடியிருப்பில் ஓர் அறை குறைந்த வீட்டிற்கு நாம் மாற நேர்ந்தது. பார்சல் அலுவலகத்தில் எடைச் சீட்டு எழுதுவது நம் தொழில். எந்த மூட்டை எவ்வளவு கனக்கும் என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். அப்பெட்டியின் கனத்தை மட்டும் நம்மால் மதிப்பிட இயலவில்லை. உள்ளே ஆறு நூற்புடவைகள் இருந்தன. கட்டுவாரில்லை; எறிய மனமுமில்லை. பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி வாயிலில் வந்து, ஆறுக்கும் சேர்த்து ஓர் எவர்சில்வர் வாளி தருவதாகச் சொன்னார்.

அண்டை வீட்டு வங்க மூதாட்டியை நம் வீட்டில் மாசிமா என்றழைப்பது வழக்கம். மாசி என்பது தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் முறைப்பெயர். அவர் வாளியைப் பார்த்தார், புடவைகளைப் பார்த்தார். "வாளி ஓட்டையாகும். இவற்றை என்னிடம் கொண்டு வாருங்கள்" என்றார்.

செய்தி அறிந்து ஜம்ஷெட்பூரிலிருந்து நம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அம்மாவின் புடவையில் கத்தரியை வைக்கப் போகிறாயா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. சென்னையில் உள்ள நம் இளவலோ, பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை, எவருக்கேனும் கொடுத்துவிடலாம் என்றான். இருவருக்கும் மாசிமாவின் தையலே விடையாயிற்று. காந்தாவுக்குத் துணியை வெட்ட வேண்டுவதில்லை; முழுப்புடவையை மடித்தே தைக்கலாம். ஐந்தரை மீட்டர்ப் புடவையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ 1.8 மீட்டர் வரும். ஒருவர் போர்த்திக்கொள்ளும் நீளம். இரண்டு புடவைகளை அவ்வாறு மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஆறு அடுக்கு. ஆறு புடவைகளுக்கு மூன்று போர்வைகள். ஒரு தாய்க்கு மூன்று மக்கள். கணக்கு நேராக இருந்தது.

ஐப்பசியில் தொடங்கிய வேலை மாசியில் முடிந்தது. பெரும்பகுதி நம் இல்லாளின் உழைப்பு. பணி முடிந்து வந்த மாலைகளில் நாமும் ஓரங்களைத் தைத்தோம். பச்சைப் புடவை ஒன்றில் கரியடுப்பின் பொறி பட்டு ஒரு துளை இருந்தது. அந்நாளில் விடியற்காலைப் பணிக்குச் செல்லும் தந்தையாருக்கு உணவு சமைத்த அடுப்பு அது. அத்துளையை மறைக்கலாமா என்று கேட்டதற்கு, அதனையே தாமரையின் நடுவாக வைத்துச் சுற்றி இதழ் தைக்கும்படி மாசிமா காட்டிக்கொடுத்தார். அப்போர்வையைத் தமக்கையாருக்கு அனுப்பினோம். அவர் முதலில் தேடியது அத்துளையைத்தான். இளவல் தன் போர்வையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆயினும் அவன் குழந்தை அதன்மேல் உறங்கும் படம் ஒன்று வந்தது.

செய்ய விரும்பும் தாய்மார்களுக்கு முறையையும் கூறிவிடுகிறோம். பன்முறை துவைத்து மென்மையான நூல்துணியே ஏற்றது. வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி நீங்கத் துவைத்து, நன்கு உலர்த்துக. சரிகைக்கரை உறுத்தும்; அதனைப் பிரித்தெடுத்துவிடுக. தரையில் பாயிட்டு, அடுக்குகளைச் சுருக்கமின்றி விரித்து, மூலைகளில் கனமான பொருள்களை வைக்க. முதலில் பெருந்தையலிட்டு அடுக்குகள் நகராதவாறு பிணைக்க. பின்னர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சிறு ஓட்டுத்தையல் இடுக. ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் அவ்வொரு தையலே போதும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிவிடும்; அளவாக இழுத்தால் குளத்து நீர்போல் மெல்லிய அலை தோன்றும். அதுவே காந்தாவின் அழகு.

வேறு மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களும் அருகிலேயே ஆசிரியரைக் காணலாம். பீகாரில் முசாபர்பூரை அடுத்த பூசுரா வட்டாரத்துப் பெண்கள் சுஜனி தைக்கின்றனர். வரதட்சணைக் கொடுமை போன்றவற்றையும் அதில் சித்திரமாக்குகின்றனர். மராட்டியத்தில் இதற்குக் கோதடி என்று பெயர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ஒட்டுத்துணிகளால் கவந்தி தைத்து, மூலைகளில் பூ எனப்படும் சிறு துண்டுகளை வைத்தே நிறைவு செய்கின்றனர். தமிழ் இல்லங்களிலும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், பெரியோர் உடுத்திய பழந்துணியையே முதலில் சுற்றுகிறோம். பழம்புடவையில்தான் தூளி கட்டுகிறோம். ஆதலால் இக்கலை நம் மனத்துக்குப் புதியதன்று, கைக்குத்தான் புதியது.

கடைகளில் இன்று காந்தா என்று விற்கப்படுபவற்றுள் பல, புதுப்பட்டில் இட்ட பூத்தையல்களே. அவையும் பல்லாயிரம் பெண்களுக்கு உணவளிக்கின்றன. அத்தொழிலை நாம் குறைத்துக் கூறோம். இக்கலையில் உழைத்த பிரீத்திகணா கோஸ்வாமி 2023-இலும், தக்தீரா பேகம் 2024-இலும் பத்மஸ்ரீ விருது பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும் கடையில் வாங்கிய போர்வையில் எந்தத் துளைக்கும் கதை இராது.

பிறந்த ஊரில் இருப்போருக்கு முன்னோர் நினைவைச் சொல்ல வீடும் கிணறும் மரமும் உண்டு. ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு, உடன் எடுத்துச் செல்லக்கூடியவையே நினைவுச் சின்னங்கள். வாளிக்கு மாற்றுமுன் பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். எந்தப் புடவை எந்நாளில் எவர் உடுத்தியது என்பதைச் சொல்லக்கூடிய பெரியோர் உங்கள் வீட்டில் இருந்தால், இவ்வாண்டுக் குளிர்காலத்திற்குமுன் அவர்களிடம் கேட்டு, அவர்கள் அருகிலேயே அமர்ந்து தைக்கத் தொடங்குங்கள். தைத்தவற்றைப் பற்றி நமக்கு எழுதினால் இப்பகுதியில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.