கணிப்பொறியை நிறுத்தும் முறையும் பொறுப்பும்

ஒரு யந்திரத்தை இயக்கும் முறையைப் போதிப்பதில் காட்டப்படும் அக்கறை, அதை நிறுத்தும் முறையைப் போதிப்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கொதிகலன், ரயில் என்ஜின் போன்றவற்றைப் பொறுத்தவரை இக்குறை நெடுநாட்களுக்கு முன்பே நீங்கிவிட்டது. நெருப்பை எப்பொழுது தணிப்பது, அழுத்தத்தை எவ்வாறு குறைப்பது என்பவற்றை அறியாத ஒருவரிடம் கொதிகலனை யாரும் ஒப்படைப்பதில்லை. ஆனால், அலுவலகங்களிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் இன்று நிறைந்துள்ள கணிப்பொறிகளின் விஷயத்தில், நிறுத்துதல் என்பது ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடும் அற்பக் காரியம் என்ற எண்ணமே பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் தவறானது, சில சந்தர்ப்பங்களில் பெருநஷ்டத்தையும் விளைவிக்கக் கூடியது.

தவறு எங்கே உள்ளது என்பதை அறிய, கணிப்பொறி எழுதும் விதத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். ஒரு கோப்பைச் சேமிக்குமாறு கட்டளையிட்டவர், அது அந்தக் கணமே வட்டில் பதிந்துவிட்டதாகக் கருதுகிறார். எப்பொழுதும் அவ்வாறு நிகழ்வதில்லை. நினைவகத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் வட்டின் வேகம் மிகக் குறைவு. ஆகவே, இயக்க முறைமையானது எழுத வேண்டியவற்றை முதலில் நினைவகத்தில் திரட்டி வைத்துக்கொண்டு, பின்னர் வசதிப்படி வட்டுக்கு அனுப்புகிறது. லினக்ஸ் முறைமையில் இவ்வாறு காத்திருக்கும் தகவல் வழக்கமாக 30 வினாடிகள் வரை நினைவகத்திலேயே தங்கக்கூடும். நினைவகமோ மின்சாரம் உள்ளவரையில்தான் எதையும் காத்து நிற்கும். அந்த இடைவேளையில் மின்சாரம் அறுபட்டால், சேமித்துவிட்டதாக நம்பப்பட்ட தகவல் சேமிக்கப்படாமலே அழிந்துபோகிறது.

இவ்வபாயம் புதியதன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். நினைவகத்தில் காத்திருப்பவற்றை உடனே வட்டுக்கு அனுப்புமாறு பணிக்கும் 'ஸிங்க்' என்னும் ஆணை அதன் ஆரம்பகாலம் தொட்டே இருந்துவருகிறது. அக்காலத்து யந்திரப் பொறுப்பாளர்கள், கணிப்பொறியை நிறுத்துவதற்கு முன் இவ்வாணையை மூன்று வரிகளில் மூன்று முறை தட்டச்சு செய்வது வழக்கம். அந்நாளைய 'ஸிங்க்' எழுதும் வேலையைத் தொடங்கிவைக்குமேயன்றி, அது முடியும்வரை காத்திராது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தட்டச்சு செய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துக்கொள்ளும். மந்திரம்போல் தோன்றிய அவ்வழக்கத்தின் உட்பொருள் பொறுமை ஒன்றே.

பிற்காலத்தில் அப்பொறுமை ஒரே ஆணையில் அடக்கி வைக்கப்பட்டது. ஆணை வரியில் தரப்படும் 'ஷட்டவுன்' என்பது அதுவே. லினக்ஸ் முறைமையில் இதனுடன் '+10' என்று குறித்தால், பத்து நிமிடங்களுக்குப் பின் யந்திரம் நிற்கும். உடன் எழுதப்படும் வாசகம், அப்பொழுது முனையங்களில் பணிபுரியும் யாவருக்கும் அறிவிப்பாகத் தோன்றும். கடைசி ஐந்து நிமிடங்களில் சாதாரணப் பயனர் எவரும் புதிதாக உள்ளே நுழைய இயலாது. குறித்த நேரம் வந்ததும், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் யாவற்றுக்கும் 'முடித்துக்கொள்க' என்னும் சமிக்ஞை முதலில் அனுப்பப்படுகிறது. அதைப் பெறும் நிரல் தன் கோப்புகளை எழுதி மூடிவிட்டுத் தானே விலகலாம். விலகாத சேவைகளுக்கு ஒரு தவணை உண்டு. இன்று பெருவழக்கிலுள்ள 'சிஸ்டம்டி' ஏற்பாட்டில் அது இயல்பாக 90 வினாடிகள். அதற்குப் பின்னரே, மறுக்க முடியாத இரண்டாம் சமிக்ஞை பிறக்கிறது. இறுதியில், வட்டுகள் முறையாக விடுவிக்கப்பட்டு, மின்சாரம் நிறுத்தப்படுகிறது.

இவ்வரிசையைக் கவனிப்பவர்களுக்கு, இது வெறும் தொழில்நுட்ப ஏற்பாடன்று என்பது விளங்கும். முன்னறிவிப்பு, புதியோருக்குத் தடை, அவகாசம், கடைசியிலேயே வலுக்கட்டாயம் என்னும் நான்கும் நல்ல நிர்வாகத்தின் இலக்கணங்கள். பொத்தானை நான்கு வினாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்து மின்சாரத்தை அறுப்பவர், முதல் மூன்றையும் தள்ளிவிட்டு நான்காவதை மட்டும் கைக்கொள்கிறார். ஆணை வரியிலும் இக்குற்றத்தைச் செய்ய இடமுண்டு. வலுக்கட்டாயக் குறியை இருமுறை சேர்த்து நிறுத்தும் ஆணையைத் தந்தால், லினக்ஸ் நிரல்களுக்கு அவகாசம் தராமலும் வட்டுகளை விடுவிக்காமலும் அக்கணமே நின்றுவிடும். யந்திரம் வேறெதற்கும் இணங்காத நிலைக்கென ஏற்பட்ட அக்குறியை அன்றாட வழக்கமாக்கிக்கொள்வது முற்றிலும் தகாது.

விண்டோஸ் முறைமையிலும் 'ஷட்டவுன்' ஆணை உண்டு. அங்கே 'எஸ்' என்னும் குறி நிறுத்துதலையும், 'டி' என்னும் குறி எத்தனை வினாடிகள் கழித்து என்பதையும், 'ஏ' என்னும் குறி ரத்து செய்தலையும் உணர்த்தும். இதில் பலர் அறியாத நுட்பம் ஒன்று உள்ளது. சுழியைவிடப் பெரிய அவகாசம் குறிக்கப்பட்டால், அதனுடன் வலுக்கட்டாயமும் சேர்ந்தே வருகிறது. அறுபது வினாடிகள் தந்தவர், மரியாதையுடன் நடந்துகொண்டதாக நினைக்கிறார். ஆனால் அவ்வறுபது வினாடிகளும் முடிந்ததும், சேமிக்கப்படாத கோப்புகளைப் பற்றி யாரையும் கேளாமல் நிரல்கள் மூடப்படுகின்றன. அச்சமயம் தேநீர் அருந்தச் சென்றிருந்த குமாஸ்தாவின் காலை நேர உழைப்பு முழுதும் வீணாகிவிடலாம். ஓர் ஆணையின் பெயரை மட்டும் அறிவது போதாது. அதன் குறிகள் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதையும் அறிந்தே அதைப் பிரயோகிக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை இக்காலத்திற்கு அவசியமில்லை என்று வாதிப்போரும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்ட 'எக்ஸ்ட்3' முதலிய கோப்பு முறைமைகள், செய்யப்போகும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் முன்கூட்டியே பதிந்துகொள்கின்றன. திடீரென மின்சாரம் நின்றாலும், அக்குறிப்பேட்டைக் கொண்டு வட்டின் அமைப்பை விரைவில் சீராக்கிவிடலாம். ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர்கள் கூற்று. இக்கூற்றில் பாதியே உண்மை. இயல்பான நிலையில் அக்குறிப்பேடு காப்பது கோப்புகளின் அமைப்பையே அன்றி, உள்ளடக்கம் முழுவதையும் அன்று. அலமாரியும் அதன் அறைகளும் ஒழுங்காக இருக்கும். அறையில் வைக்கப்பட வேண்டிய கடைசித் தாள் மட்டும் இராது. அளவீடுகளைப் பல நாட்களாகப் பதிவு செய்துவரும் ஒரு பரிசோதனைக்கு அக்கடைசித் தாளே முக்கியமானதாக இருக்கலாம்.

இரண்டாவது அபாயம், தவறான யந்திரத்தை நிறுத்திவிடுவது. இன்று ஒரு பொறுப்பாளர் தம் மேசையிலிருந்தபடியே தொலைவிலுள்ள பல சர்வர்களை ஆணை வரி மூலம் நிர்வகிக்கிறார். திரையில் திறந்துள்ள சாளரங்கள் யாவும் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றன. மேசைமீதுள்ள தம் கணிப்பொறியை நிறுத்த எண்ணியவர், தவறான சாளரத்தில் அவ்வாணையைத் தந்துவிட்டால், தொலைவிலுள்ள சர்வர் அடங்கிவிடும். நின்றுபோன யந்திரம் ஆணை வரிக்குப் பதில் கூறாது. மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே இயக்கும் தனி ஏற்பாடு இல்லையெனில், ஒருவர் நேரில் சென்றுதான் அதை எழுப்ப வேண்டும். யந்திரம் நூறு மைல் தொலைவில் பூட்டிய அறையொன்றில் இருந்தால், அவருடைய ஒரு நாள் பயணத்திலேயே கழியும்.

இத்தவறைத் தடுக்க, டெபியன் வகை லினக்ஸில் 'மாலி-கார்ட்' என்னும் சிறு மென்பொருள் கிடைக்கிறது. தொலைவிலிருந்து நிறுத்தும் ஆணை வந்தால், அந்த யந்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்யுமாறு அது கேட்கும். பெயர் பொருந்தாவிடில் ஆணையை ஏற்காது. மாலி என்பது ஒரு குழந்தையின் பெயர். ஐபிஎம் 4341 யந்திரத்தின் பெரிய சிவப்பு விசையை அக்குழந்தை ஒரே நாளில் இருமுறை தட்டிவிட்டதாகவும், அதன்பின் அவ்விசைக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் மூடி போடப்பட்டதாகவும் கணிப்பொறித் துறையினர் கூறுவர். குழந்தையின் கைக்கு மூடி தேவைப்பட்டது. அவசரத்தில் உள்ள பெரியவரின் கைக்கும் அது தேவையே. விலையின்றிக் கிடைக்கும் இக்காப்பைப் பொறுப்புள்ள யந்திரங்களில் நிறுவாமல் விடுவதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவதாக, மனிதர் எவரும் ஆணையிடாமலே நேரும் நிறுத்தத்தையும் கருத வேண்டும். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் இந்தியாவின் மின்தொகுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. இரண்டாம் நாளன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் ஒருசேர வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. இத்தகைய நிலைக்காகவே யுபிஎஸ் என்னும் இடைத்தடையில்லா மின்கருவி வைக்கப்படுகிறது. ஆனால் அதன் மின்கலம் என்றென்றைக்கும் தாங்காது. அது தருவது ஓர் அவகாசமே. அந்த அவகாசத்திற்குள் யந்திரத்தை முறைப்படி நிறுத்தாவிடில், மின்வெட்டால் நேரும் கேடு சில நிமிடங்கள் தாமதித்து நேரும், அவ்வளவே வித்தியாசம். யுபிஎஸ் கருவியைக் கணிப்பொறியோடு தகவல் கம்பியாலும் இணைத்து, மின்கலம் குறைந்ததும் நிறுத்தும் ஆணை தானாகவே பிறக்குமாறு செய்யலாம். இதற்கென இலவச மென்பொருள்களும் உள்ளன. நள்ளிரவில் காவலாளி மட்டுமே இருக்கும் கட்டிடத்தில், இக்கம்பியே பொறுப்பாளரின் ஸ்தானத்தை வகிக்கிறது. பெருந்தொகை கொடுத்து மின்கருவியை வாங்கிவிட்டு, இக்கம்பியைப் பொருத்தாமல் விடுவது சிக்கனமும் அன்று, விவேகமும் அன்று.

இக்காரணங்களால், கணிப்பொறிகளை உடைய ஒவ்வொரு நிறுவனமும் சில நியமங்களை வகுத்துக்கொள்வது நலம். நிறுத்தும் ஆணையைத் தரும் அதிகாரம் பெயர் குறிக்கப்பட்ட சிலருக்கே இருக்க வேண்டும். பலர் பயன்படுத்தும் யந்திரத்தை நிறுத்துமுன், யார் யார் உள்ளே பணிபுரிகின்றனர், எந்தக் கணக்கீடு நடைபெறுகிறது என்பவற்றைப் பார்த்தல் அவசியம். அறிவிப்பில் காரணமும், மீண்டும் இயங்கும் நேரமும் இடம்பெற வேண்டும். முனையத்தில் தோன்றும் அறிவிப்பு, இணையப் பக்கங்கள் வாயிலாக அதே சர்வரைப் பயன்படுத்துவோருக்குத் தெரியாது. ஆகையால் அவர்களுக்குத் தனியே தெரிவிக்க வேண்டும். தவறு உணரப்பட்டால் 'சி' என்னும் குறியைக் கொண்டு நிறுத்தத்தை ரத்து செய்யலாம் என்பதையும், 'கே' என்னும் குறியைக் கொண்டு யந்திரத்தை நிறுத்தாமலே எச்சரிக்கையை மட்டும் அனுப்பி ஒத்திகை பார்க்கலாம் என்பதையும் லினக்ஸ் பொறுப்பாளர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். தரவுத்தளம் இயங்கும் சர்வரில், அதை அதற்குரிய ஆணையால் முதலில் நிறுத்திவிட்டுப் பின்னரே யந்திரத்தை நிறுத்துவது மேலும் பத்திரமானது.

மத்திய அரசின் ஸி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் லினக்ஸ் முறைமையை உருவாக்கியுள்ளது. கேரளத்தின் பள்ளிகளில் லினக்ஸ் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஆணை வரியைக் கற்பதற்கான சாதனங்கள் இந்நாட்டு மாணவர்களுக்கு எட்டாதவை அல்ல. கோப்புகளைப் பட்டியலிடும் ஆணையைக் கற்பிக்கும் அதே முதல் வாரத்தில், யந்திரத்தை முறைப்படி நிறுத்தும் ஆணையையும் அதன் காரணங்களோடு கற்பிக்கலாம். அவ்வாறு கற்ற மாணவன் கற்றுக்கொள்வது ஓர் ஆணையை மட்டுமன்று. தன் கையில் உள்ள விசை பிறருடைய உழைப்போடும் தொடர்புடையது என்பதையும், அதைத் தொடுமுன் ஒரு கணம் நின்று, 'வேறு யாரேனும் இதில் பணிபுரிகின்றனரா?' என்று கேட்க வேண்டும் என்பதையும் அவன் சேர்த்தே கற்றுக்கொள்கிறான்.