ஒயருக்கும் ஒரு வழி வேண்டும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் அம்மா விழுந்துவிட்டார். பத்து காவானில் அக்கா மகன் வாங்கிய புது வீட்டு வரவேற்பறையில், பட்டப்பகலில், வழுக்காத தரையில். வாசல் பக்கம் இருந்த இணையப் பெட்டியிலிருந்து எதிர்ச்சுவர் தொலைக்காட்சி வரை ஓர் ஒயர் தரையில் ஓடியது. அது கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். பாயின் மேட்டில் கால் தடுக்கியது. இடது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அம்மா கோபப்படவில்லை. தொலைக்காட்சியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, "ஒரு பொட்டிக்கு ஏன்டா இத்தனை வாலு?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பினாங்கின் இரண்டாவது பாலம் 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட பிறகு, செம்பனையும் சதுப்பும் கிடந்த பத்து காவானில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டன. லயத்து வீட்டில் ஒரு வானொலியோடு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே குடியேறுகிறார்கள். ஒரு தொலைக்காட்சிக்குப் பின்னால் மின்சார ஒயர், ஆஸ்ட்ரோ ஒயர், இணைய ஒயர், எச்டிஎம்ஐ, ஒலிபெருக்கி ஒயர் என்று ஐந்தாறு தொங்குகின்றன. வீடு கட்டியவர் அதற்கு வழி வைக்கவில்லை. நாமும் சாவி வாங்கும் அவசரத்தில் அதை யோசிப்பதில்லை.

அன்று மாலையே அக்கா மகன் துளைபோடும் கருவியோடு நின்றான். "மாமா, சுவரை வெட்டி எல்லாத்தையும் உள்ளே விட்டுடலாமா?" அவன் துளை போடக் குறித்த இடம், மின் சொக்கெட்டுக்கு நேர்மேலே இருந்தது.

முதலில் சுவரைப் படியுங்கள்

சுவருக்குள் போகும் மின் ஒயர் பெரும்பாலும் சொக்கெட்டுக்கும் சுவிட்சுக்கும் நேர்மேலே, நேர்கீழே, அல்லது அதே மட்டத்தில் பக்கவாட்டில் ஓடும். அந்தக் கோடுகளில் துளையிடுவது 230 வோல்ட்டைத் தேடிப்போய்த் தொடுவதற்குச் சமம். கடைகளில் கிடைக்கும் சுவர் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். அவன் குறித்த இடத்தில் அது கத்தியது. அதன் பிறகு அவனே துளைபோடும் கருவியைப் பெட்டியில் வைத்தான்.

அடுத்தது சுவரின் வகை. புதிய குடியிருப்புகள் பலவற்றில் சுவரே கம்பி வைத்து வார்த்த கான்கிரீட். அது கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகிறது. அதை வெட்டவே கூடாது. அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். செங்கல் சுவரில் வெட்டலாம், ஆனால் அளவோடு. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், பக்கவாட்டில் என்றால் ஆறில் ஒரு பங்கு. இதைத் தாண்டாதீர்கள். வரிசை வீட்டின் பொதுச்சுவருக்கு அடுத்த பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. புது வீட்டில் குறை இருந்தால் மேம்பாட்டாளர் செலவில் சரிசெய்து தரும் காலம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம். அதற்குள் நீங்கள் வெட்டிய சுவரில் விரிசல் விட்டால், "நீங்கள் வெட்டியதால்தான்" என்ற வாக்குவாதம் தொடங்கும். வெட்டாமல் முடியுமென்றால் வெட்டாமலே முடியுங்கள்.

தரை வேண்டாம், கூரை போதும்

தரையைக் கீறி ஒயர் பதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தரைக்கல் பதிக்கும் முன்பு, கான்கிரீட்டுக்கு மேலே போடும் சிமென்ட் பூச்சுக்குள் சிறிய குழாய் வைக்கலாம். குடிவந்த பிறகு கீறுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கிறது. சில கட்டடங்களில் இழுவிசை கொடுத்த இரும்பு வடங்கள் இருக்கும், அதில் வெட்டு விழுந்தால் உயிருக்கே ஆபத்து. குளியலறைப் பக்கம் போனால் நீர்க்கசிவுத் தடுப்பு கிழியும், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்.

நாங்கள் செய்தது இதுதான். இணையப் பெட்டியிலிருந்து சுவரோரமாக வெள்ளைக் கேசிங்கில் ஒயரை மேலே ஏற்றினோம். பிளாஸ்டர் சீலிங்குக்குள் குழாயில் ஓடவிட்டோம். எதிர்ச்சுவரில் தொலைக்காட்சிக்குப் பின்னால் மரப்பலகை அடித்து, அந்த இடைவெளியில் கீழே இறக்கினோம். சுவரில் ஒரு வெட்டும் இல்லை. சீலிங்குக்குள் வெறும் ஒயராக விட்டிருந்தால் எலிக்கு விருந்து வைத்ததாகியிருக்கும். அதற்காகத்தான் குழாய்.

குழாய் பெரிதாக இருக்கட்டும்

இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். மின்சார வேலைக்குப் போடும் 20 மில்லிமீட்டர் குழாயில் எச்டிஎம்ஐ ஒயரின் தலை நுழையாது. ஒன்றரை அங்குலக் குழாய் போடுங்கள். திருப்பத்தில் செங்கோண முட்டு வேண்டாம், நீண்ட வளைவாக இருந்தால்தான் ஒயர் சிக்காமல் இழுபடும். உள்ளே ஒரு நைலான் கயிற்றைக் கூடுதலாக விட்டு வையுங்கள். ஒயரின் ஆயுள் சில ஆண்டுகள், குழாயின் ஆயுள் வீடு உள்ளவரை. நாளைக்கு வேறு ஒயர் வந்தால் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். சிமென்டில் நேரடியாகப் புதைத்த ஒயர் பழுதானால் மறுபடி சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

மின்சார ஒயரும் படம், ஒலி ஒயர்களும் ஒரே குழாயில் போகக்கூடாது. பக்கத்தில் இணையாகப் போனால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும்.

எந்த ஒயர் எவ்வளவு தூரம்?

சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ ஒயரை 4கே படத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. அதற்கு மேல் தூரமென்றால் ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு தலை பெட்டிக்கு, மறுதலை தொலைக்காட்சிக்கு. மாற்றி இழுத்துவிட்டால் மறுபடி முழுவதையும் உருவ வேண்டும். இணையத்துக்கு கேட்-6 ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குத் தாராளம். ஒன்று போதுமென்றாலும் இரண்டாக இழுத்து வையுங்கள். எட்டு ஓம் ஒலிபெருக்கிக்குப் பத்து மீட்டர் வரை ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும்.

தொலைக்காட்சியின் மின்சார ஒயரையோ நீட்டிப்புப் பலகையையோ சுவருக்குள் பலகைக்குள் மறைக்காதீர்கள். அது சூடேறினால் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சிக்குப் பின்னாலேயே புதிய சொக்கெட் வையுங்கள். அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் நாங்கள் ஆள் வைத்தோம். நம் நாட்டு இடிக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் ஒன்று மாட்டிவிடுங்கள்.

மூடுவதற்கு முன் மூன்று வேலை: எல்லா ஒயரையும் மாட்டிப் படமும் ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். இரு முனையிலும் பெயர் ஒட்டுங்கள். அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. தீபாவளியன்று அம்மா கட்டுப்போட்ட கையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்கும்முன் தரையைப் பார்த்தார். பாய் இல்லை, ஒயரும் இல்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, படத்தைப் போடு" என்றார்.

உங்கள் வீட்டிலும் பாய்க்கு அடியில் ஓர் ஒயர் ஓடினால், அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அழகுபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.