தொண்டர் சூட்டிய மாலை

தோழனே! இலண்டனின் சிங்போர்டு தொகுதியை நீ அறிந்திருக்க வேண்டும். தெருத்தெருவாய் நடந்து, கதவு தட்டிக் கட்சி வளர்த்த தொழிற்கட்சித் தொண்டர்கள், 2022-ல் பைசா ஷாகீனை வேட்பாளராகத் தேர்ந்து மாலை சூட்டினர். 2024 மே திங்கள் இறுதியில், தேர்தலுக்கு ஐந்தே வாரம் இருக்கையில், மேலிடம் அந்த மாலையைப் பறித்தது. சமூக ஊடகப் பதிவுகள் குற்றமாம்! இரண்டாண்டு உறங்கிய கண்கள் இறுதி நாழிகையிலா விழித்தன?

வேறொருவரை நிறுத்தினர். தொண்டனைக் கேட்டார்களா? இல்லை! சுவரொட்டி ஒட்ட மட்டும் அவன் வேண்டும்!

ஷாகீன் தனித்து நின்றார். தொண்டர் பலர் அவர் பின் சென்றனர். விளைவு? மேலிடத்து வேட்பாளர் 12,524. ஷாகீன் 12,445. பழமைவாதக் கட்சியின் டங்கன் சுமித் 17,281! நாடெங்கும் தொழிற்கட்சி வாகை சூடிய நாளில், இங்கே தோல்வி!

கட்சி ஒழுங்கைக் காத்தார்களாம். தொகுதியைக் காத்துக்கொண்டவரோ டங்கன் சுமித்!