ராஜா மலை பையன்களுக்கு மட்டுமா?

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போய் வந்ததைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பார்த்ததை எழுதுகிறேன், பார்க்காததையும் எழுதுகிறேன்.

செஞ்சியில் மூன்று மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து மதில் ஓடுகிறது. கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோவில், மசூதி எல்லாம் பார்த்தோம். களஞ்சியத்துக்குள் கத்தினால் எதிரொலி வருது. எல்லோரும் கத்தி டீச்சரிடம் திட்டு வாங்கினோம்.

ராஜகிரி 800 அடி உயரம். உச்சிக்குக் கிட்டே மலை பிளந்து கிடக்குமாம், பாலத்தில் கடந்தால்தான் கோட்டைக்குள் போக முடியும். மேலே ரங்கநாதர் கோவிலும் ஒரு பீரங்கியும் உண்டு. இதெல்லாம் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏனென்றால் பெண் பிள்ளைகள் ஏற வேண்டாம் என்று கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள். 1690லிருந்து 1698 வரை முகலாயர் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் கீழேயே கிடந்ததாம். எங்களுக்கு மூணு மணி நேரத்துக்கே கோவம் கோவமா வந்துச்சு.

வெயில், செங்குத்துப் படி, யாராவது மயங்கி விழுந்தால் வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். அந்தப் பயம் பொய் இல்லை. நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு டீச்சர்தான் வந்தார், அவருக்கும் முட்டி வலி. ஆனால் வெயில் பையன்களுக்கும்தானே அடிச்சுது? மூன்று பேர் கமலக்கண்ணி அம்மன் கோவிலோடு திரும்பி வந்துட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன். நாங்கள் புல்லுக்கட்டு தூக்குகிறோம், ரெண்டு குடம் தண்ணி எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறோம். அங்கே வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஆயா, "திருவிழாவுக்கு நாங்க பொம்பளைங்கதான் முன்னாடி ஏறுவோம், நீங்க ஏன் குந்தினு இருக்கீங்க?" என்று கேட்டது. யாரும் பதில் பேசவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். எங்கிருந்தோ வந்து ஏறிப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற நாங்கள் பார்க்கவில்லை.

என் கருத்து இதுதான். வழியில் மேல்மலையனூரில் நிற்காமல் நேராகக் கோட்டைக்குப் போனால் வெயிலுக்கு முன்னாடியே ஏறிவிடலாம். கோவிலைத் திரும்பும்போது பார்க்கலாம். இன்னும் இரண்டு டீச்சர் வந்தால் போதும். முடியாதவர்கள் கீழே இருக்கட்டும், அது ஆணோ பெண்ணோ.

அடுத்த வருஷம் நாங்கள் பத்தாம் வகுப்பு. பரிட்சை என்று எங்களுக்குச் சுற்றுலா கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, நீங்கள் இப்போதே கேட்டு வையுங்கள். ஏறினால் அந்தப் பீரங்கி எவ்வளவு நீளம் என்று முழம் போட்டுப் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள். பையன்கள் ஆளுக்கு ஒரு அளவு சொல்றாங்க.